பிரவீனா வெட்டிய அட்டை

பிரவீனா எதையும் கேட்காமல் செய்ய மாட்டாள். எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்த முதல் வாரமே அம்மா போனில் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

"மோட்டார் போடட்டுமா ஆன்ட்டின்னு கேக்குது. துணி காய வைக்கட்டுமான்னு கேக்குது. நேத்து செருப்ப எந்தப் பக்கமா விடறதுன்னு கேக்குதுடி. எனக்கே தெரியல, நான் என்னத்த சொல்றது."

அம்மாவுக்கு அது சிரிப்பு. எனக்கு நிம்மதி. டப்ளினில் உட்கார்ந்துகொண்டு, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தறியோடு தனியாக இருக்கும் அம்மா அப்பாவையே நினைத்துக்கொண்டிருக்கிறவளுக்குச் செருப்பை எங்கே விடுவது என்று கேட்கிற குடித்தனக்காரி கிடைத்தால் வேறென்ன வேண்டும்.

மாடியில் ஆள் வைத்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். போன வருஷம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அம்மா போனை அப்படியே கீழே வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள். நான் இங்கே என் சமையலறையில் நின்றுகொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தின் மின்விசிறி சுற்றுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரவில் போன் அதிர்ந்தால் முதல் அதிர்விலேயே எழுந்துவிடுகிறேன். நர்சிங் படிக்கிற பெண்களாக வைத்தால் நல்லது என்று தெரிந்த டீச்சர் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் அனுப்பியவர்கள்தான் பிரவீனாவும் அவள் தோழி அனுவும்.

பிரவீனாவுக்குச் சொந்த ஊர் தாமல். ஏரிக்கரைப் பக்கம் வீடு. அப்பா யேசுதாஸ் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா மரியம்மாள் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள். அந்தக் குடும்பத்தில் முந்தைய தலைமுறை வரை எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள். வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக வீட்டிலிருந்து வெளியேறிய முதல் ஆள் பிரவீனாதான். ஊர் அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி தொடங்குகிற நேரத்துக்குத் தாமலிலிருந்து பஸ் வந்து சேராது. லேட்டாகப் போனால் வருகைப் பதிவு போகும், வருகைப் பதிவு போனால் பரீட்சை எழுத முடியாது. டவுனில் ஒரு அறை இருந்தால்தான் படிப்பு. அவள் கணக்கு அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் வேறொரு தெருவில் குடியிருந்தார்கள். அங்கே ஒரு நாள் சொந்தக்காரர்கள் தங்க வருகிறார்கள் என்று சொல்லி இரண்டு பேரையும் காலி பண்ணச் சொன்னார்களாம். அடுத்த வாரம் அந்த வழியாகப் போனபோது கேட்டில் 'வீடு வாடகைக்கு' போர்டு தொங்கியது. இதை பிரவீனா எனக்குச் சொல்லவில்லை, அனுதான் சொன்னாள். சொல்லும்போது பிரவீனா பக்கத்தில் இருந்து, "விடுடி, அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்றாள். அனு ஹிந்துப் பெண், வாலாஜாபாத்காரி. அவர்கள் இருவரில் யாரை வெளியேற்ற அந்தச் சொந்தக்காரர்கள் முளைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிற விஷயம்.

மாடி அறை சின்னது. ஒரு கட்டில் போடலாம், இரண்டாவது போட்டால் கதவு திறக்காது. ஒரே ஒரு பிளக் பாயின்ட். தெருவைப் பார்த்த ஜன்னலும், ஒரு ஆள் நிற்கிற பால்கனியும். அப்பா போட்ட ஒரே நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மேலே ஆணி அடித்தால் கீழே தறியில் இழுத்துக் கட்டியிருக்கும் பாவுமேல் காரை உதிரும். பட்டு நூலில் காரை விழுந்தால் என்னவாகும் என்று பிரவீனாவுக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அவள் காலண்டரைக்கூடச் சுவரில் மாட்டாமல் கட்டில் காலில் கட்டி வைத்திருந்தாள்.

டிசம்பர் பிறந்ததும் அலங்காரப் பேச்சை எடுத்தது அனு. இருபத்தைந்தாம் தேதி பிரவீனாவுக்குக் காலை டியூட்டி விழுந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போக முடியாது.

"நீ கிறிஸ்துமஸுக்குப் போகலன்னா கிறிஸ்துமஸ் உங்கிட்ட வரட்டும். ரூமையே டெக்கரேட் பண்ணிடலாம்" என்றாள் அனு.

"ஆன்ட்டி எதாவது நெனச்சிக்கப் போறாங்க."

"நீ மூச்சு விட்டாகூட ஆன்ட்டி எதாவது நெனச்சிக்குவாங்கன்னு சொல்லுவ."

கையில் காசில்லை, இடமும் இல்லை. கிடைத்ததை வைத்துத்தான் செய்தார்கள். ஊசி மருந்து பாட்டிலின் வாயில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். சிவப்பு, நீலம், ஆரஞ்சு, பச்சை என்று மருந்துக்கு ஒரு நிறம். மருந்தை எடுக்குமுன் அதை நிமிண்டிக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அதைச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா என்று வார்டு சிஸ்டரிடம் பிரவீனா கேட்டாள். சிஸ்டர், "குப்பைக்கெல்லாமா பர்மிஷன் கேப்ப?" என்று சிரித்தாராம். அப்படியும் இன்னொரு நாள் இன்னொரு சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டாள். மூடிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, சூடான ஊசியால் ஓட்டையிட்டு, அப்பாவின் தறியடியில் கிடந்த கழிவுப் பட்டு நூலில் கோத்தார்கள். அந்தத் தோரணத்தை ஆணி இல்லாமல் ஜன்னல் கம்பியிலிருந்து மின்விசிறிக் கொக்கி வழியாக அலமாரிக் கைப்பிடிக்கு இழுத்துக் கட்டினார்கள்.

குடிலுக்கு ஒரு செருப்பு அட்டைப்பெட்டி. பக்கத்துத் தெரு மாட்டுக்காரரிடம் வாங்கி வந்த ஒரு பிடி வைக்கோல். மாதாவையும் சூசையப்பரையும் செய்தித்தாளைக் கூழாக்கிப் பிடித்தாள் பிரவீனா. பனிக்குப் பஞ்சு வேண்டும்.

"வார்டுல மலை மாதிரி பஞ்சு இருக்குது" என்றாள் அனு.

"அது பேஷண்ட்டுது."

"குழந்தை ஏசுவும் இப்ப பேஷண்ட் மாதிரிதான்டி படுத்துக்கினு இருக்காரு."

பிரவீனா அதற்கு ஒப்பவில்லை. தன் தலையணையின் ஒரு ஓரத்தைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி தைத்தாள். மாவு அரைத்துவிட்டு மேலே வந்த அம்மா குடிலைக் குனிந்து பார்த்தாள்.

"எல்லாம் சரி. மாடு எங்க?"

"மாடு இன்னும் டியூட்டி முடிஞ்சி வரல ஆன்ட்டி" என்றாள் அனு.

"ஸ்டார் மாட்டலியா?"

பிரவீனா அனுவைப் பார்த்தாள். அம்மா விடவில்லை. "தாமல்ல உங்க தெருவுல வீட்டுக்கு வீடு மாட்டியிருப்பாங்களே. நான் பஸ்ல போறப்ப பாத்திருக்கேன்."

"உள்ளயே இருக்கட்டும் ஆன்ட்டி. வெளிய மாட்டினா தெருவுல யாராவது எதாவது சொல்லப் போறாங்க."

"எவ சொல்லுவா? சொன்னா எங்கிட்ட வந்து சொல்லச் சொல்லு. கார்த்திகைக்கு நான் விளக்கு வச்சப்ப நீ எதுனா சொன்னியா?" என்று கேட்டுவிட்டு, அம்மா படியில் இறங்கிக்கொண்டே சொன்னாள்: "கடையில வாங்காதீங்கடி, யானை வெல சொல்லுவான். மாடிப்படிக்கு அடியில வேஸ்ட் அட்டை கெடக்குது பாரு. எடுத்துக்கினு போய் வெட்டிக்குங்க. உள்ள லைட்டு போட்டா ஓட்டை ஓட்டையா தெரியும், நல்லாயிருக்கும்."

அட்டை என்று அம்மா சொன்னது தறி அட்டையை. தறியின் மேலே ஜக்கார்டு என்று ஒரு பொறி உட்கார்ந்திருக்கும். புடவையின் கரையில் பூவும் பறவையும் வருவது அதன் வழியாகத்தான். டிசைனின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நீள அட்டை. அதில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அந்த இழை மேலே எழும்பும், இல்லாத இடத்தில் இழை படுத்துக்கொள்ளும். அட்டைகளை வரிசை எண் போட்டுச் சங்கிலியாகக் கோத்துப் பொறியில் மாட்டுவார்கள். ஒரு அட்டை முன்பின்னாகப் போனாலும் மயிலின் மூக்கு மயிலை விட்டுப் போய்விடும்.

படிக்கு அடியில் இரண்டு குவியல்கள் கிடந்தன. ஒன்று வெள்ளை வெளேரென்று, நேற்றுக் கடையில் வாங்கியதைப் போலச் சுத்தமான அட்டைகள். இன்னொன்று ஒரு சாக்குத் துணியில் சுற்றி வைத்திருந்தது. பழுப்பேறி, எண்ணெய்க் கறை படிந்து, ஓரமெல்லாம் நைந்து, கோத்திருந்த கயிறு மக்கி உதிர்ந்துபோன அட்டைகள். பிரவீனா வெகுநேரம் நின்று யோசித்திருக்கிறாள். வெள்ளையாக இருப்பது புதிது, இனிமேல்தான் தறியில் ஏற்றுவார்கள், அதில் கை வைத்தால் ஆபத்து. பழுப்பாக இருப்பது பழையது, அதுதான் வேஸ்ட். அப்படியும் சந்தேகம் தீராமல் நடுவிலிருந்து, இருப்பதிலேயே அழுக்கான பத்துப் பன்னிரண்டை மட்டும் உருவிக்கொண்டு, மீதியை இருந்தபடியே சுற்றி வைத்தாள்.

அங்கேதான் எல்லாம் தலைகீழாகப் போனது. எங்கள் வீட்டில் வேஸ்ட் என்றால் புதுசு. அட்டை அடிக்கிறவர் தப்பாக ஓட்டை குத்திவிட்டால் அந்த அட்டை அன்றைக்கே கழிவு. அது ஒரு நாள்கூடத் தறி ஏறியிருக்காது, அதனால் கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும். அழுக்காக இருக்கிற அட்டை ஓடிய அட்டை. எவ்வளவுக்கு அழுக்கோ அவ்வளவுக்குப் பிழையில்லாதது, அவ்வளவுக்கு வேண்டியது. தறிக்காரர் வீட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். அதனாலேயே யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

பிரவீனா ஒவ்வொரு அட்டையையும் நீளவாக்கில் மடித்து, ஒரு முனையைக் கூராக வெட்டினாள். கிறுக்கலாக ஏதோ எழுதியிருந்த அந்த முனைத் துண்டுகளை வாரிக் குப்பைக் கூடையில் போட்டாள். மைதாவைக் காய்ச்சிய பசையால் அட்டைகளை ஒரு டப்பா மூடியைச் சுற்றிக் கதிர்கதிராக ஒட்டி, நடுவே ஒரு சின்ன சீரியல் விளக்கை விட்டாள். பால்கனிக் கம்பியில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு விளக்கைப் போட்டபோது, எதிர்வீட்டுச் சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்ததாம். அம்மா தெருவில் இறங்கி நின்று பார்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பாவும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒயர் தொங்குதே, ஷாக் அடிக்காதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

எனக்கு போட்டோ வந்தது. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். "எல்.ஈ.டி. பல்புதானே? அட்டை சூடாகாதே? தூங்கும்போது அணைச்சிடுங்க" என்று பதில் போட்டேன். அப்பாவும் நானும் நெருப்பு வருமா என்றுதான் பார்த்தோம். அட்டையை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இருபத்திரண்டாம் தேதி அப்பா படிக்கு அடியில் குனிந்து தேடிய சத்தம் மாடிக்குக் கேட்டது.

"அம்சா, இங்க வச்சிருந்த அன்னப்பட்சி அட்டைய யார் கலைச்சது?" என்று அம்மாவைக் கேட்டார்.

"யார் கலைப்பா? அப்டியேதான இருக்குது."

"அப்டியேவா இருக்குது? நடுவுல நம்பரே இல்ல பாரு. வேலூர் பார்ட்டிக்கு இன்னிக்கு ஓகே சொல்லிட்டேன். பழைய அன்னப்பட்சிக் கரைதான் வேணும், வேற எதுவும் வாணாம்ன்றான். தை மாசம் கல்யாணம்."

பிரவீனா அப்போதுதான் டியூட்டியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து பால்கனிக்குப் போய், பகல் வெளிச்சத்தில் நட்சத்திரத்தைப் பார்த்தாள். அழுக்கு, எண்ணெய்க் கறை, நைந்த ஓரம். பிறகு எனக்கு போன் செய்தாள். நான் ஆபீஸில் இருந்தேன்.

"அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்." அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எண்ணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அட்டை என்று தெரிந்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, கல்யாண ஆர்டருக்கு அப்பா தேடுகிற அன்னப்பட்சி அட்டை அது என்றதும் சிரிப்பு நின்றது.

"ரூம காலி பண்ணச் சொல்லிடுவாங்களா அக்கா? பரீட்சைக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்குது. இப்ப எனக்கு யார் ரூம் தருவாங்க?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க. நீ எதுவும் பேசாதே. நான் அப்பாகிட்ட பக்குவமா சொல்றேன்."

பக்குவமாகச் சொல்வது எனக்கு வராத கலை. அப்பாவைக் கூப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், மழை பெய்கிறதா என்று கேட்டேன், பிறகு, "ஏம்பா, பழைய டிசைன் அட்டையெல்லாம் பத்திரமா இருக்குதா?" என்றேன்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"இத்தினி வருஷமா ஃபாரின்ல இருக்க. ஒரு நாள் அட்டையப் பத்திக் கேட்டதில்ல. இன்னிக்கு என்ன?"

"சும்மாத்தான்பா."

"சும்மா கேக்கற ஆளா நீ? போன தபா வந்தப்ப ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டணும்னு எதையோ கேட்டியே. அன்னப்பட்சில இருந்து உருவிக்கினு போயிட்டியா?"

"ஐயோ இல்லப்பா."

"யோசிச்சிப் பாரு. பெட்டிய நல்லா தேடு." பிறகு போனை வைக்காமலே, "ஏ அம்சா, அட்டை எங்கயும் போகல. உன் பொண்ணுதான் பிளேன்ல ஏத்திக்கினு போயிருக்குது" என்று கூடத்துக்குக் கேட்கும்படி சொன்னார்.

அது மாடிக்கும் கேட்டது. தன்னால் இன்னொருத்தி மேல் பழி விழுந்ததும் பிரவீனாவால் உட்கார முடியவில்லை. ஆனால் கீழே இறங்குவதற்கு முன் அவள் இரண்டு காரியம் செய்தாள். முதலில் தன் துணிமணி, புத்தகம், யூனிஃபார்ம் எல்லாவற்றையும் பையில் அடுக்கி மூடி, கதவோரம் வைத்தாள். காலி பண்ணச் சொல்கிற நிமிஷத்தில் அவர்கள் எதிரில் துணி அடுக்கிக்கொண்டு நிற்கிற அவமானம் இன்னொரு முறை வேண்டாம் என்பது அவள் எண்ணம். பிறகு நட்சத்திரத்தை இறக்கி, ஈரப் பஞ்சால் பசையைத் தொட்டுத் தொட்டு நனைத்து, கதிர் கதிராகப் பிரித்து ஒரு தட்டில் அடுக்கினாள்.

"புண்ணுல ஒட்டின கட்டு பிரிக்கிற மாதிரியே பிரிக்கிற" என்றாள் அனு. "அட்டைக்கு வலிக்காது, சீக்கிரம் வா."

"நீ பை கட்டலியா?"

"நான் எதுக்குக் கட்டணும்? என்னைத் தூக்கித்தான் வெளிய போடணும்" என்றாள் அனு. ஆனால் அவளும் சிரிக்கவில்லை.

பிரவீனா மறுபடி என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, நான் கீழ போறேன். நீங்க எதுவும் பேச வேணாம். லைன்ல மட்டும் இருங்க."

போன் அவள் கோட்டுப் பையில் இருந்தது. எனக்குத் திரையில் கறுப்பு மட்டும். ஆபீஸ் கேன்டீன் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். படியில் காலடி, தறியின் சத்தம், சத்தம் நிற்பது.

"அங்கிள்."

"என்னாம்மா."

"அக்கா எடுக்கல அங்கிள். நான்தான் எடுத்தேன்."

அட்டைகள் இருந்த தட்டைத் தரையில் வைக்கும் சத்தம். பிறகு அட்டைகளைப் புரட்டுகிற சத்தம். அப்பா கோபக்காரர். கோபம் வந்தால் கத்த மாட்டார், குரலை இறக்குவார். அது இன்னும் மோசம்.

"இதையா மேல கட்டித் தொங்கவிட்டிருந்த?"

"வேஸ்ட்டுன்னு நெனச்சேன் அங்கிள்."

"நாந்தாங்க எடுத்துக்கச் சொன்னேன்" என்று அம்மாவின் குரல் சமையலறையிலிருந்து ஓடி வந்தது. "வேஸ்ட் அட்டைய எடுத்துக்கோன்னு சொன்னேன். அதுதான் வெள்ளையா கெடக்குதேம்மா, அதை விட்டுட்டு இதை ஏன்மா எடுத்த?"

"வெள்ளையா இருந்தது புதுசுன்னு நெனச்சேன் ஆன்ட்டி. புதுசுல கை வைக்கக் கூடாதுன்னுதான்..."

பிறகு அப்பா மூக்கால் ஒரு சத்தம் விட்டார். அது சிரிப்பா இல்லையா என்று போனில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "இருக்குது. ஆனா இந்த அட்டை எப்டியும் மிஷின்ல ஏறாது, நைஞ்சி போச்சு. இதைப் பாத்து அட்டை அடிக்கிறவன்கிட்ட புதுசா அடிச்சி வாங்கத்தான் தேடினேன். நீ மடிச்சதால ஒண்ணும் கெட்டுப்போகல, ஓட்டை ஓட்டையாத்தான் இருக்குது. நம்பர் எங்க?"

"என்ன நம்பர் அங்கிள்?"

"முனையில எழுதியிருக்குமே. வெட்டின துண்டு எங்க?"

அந்தத் துண்டுகளை அவள் குப்பையில் போட்டிருந்தாள். குப்பை வண்டி எப்போதோ போய்விட்டது. அவள் அதைச் சொன்ன குரலைக் கேட்டு நான் கேன்டீனிலிருந்து, "அப்பா, அவளைத் திட்டாதீங்க" என்று கத்தினேன். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டுப் பைக்குள்ளிருந்து வந்த என் குரலை எங்கள் வீட்டில் யாரும் சட்டை செய்யவில்லை.

"உக்காரு" என்றார் அப்பா. "எறங்கி வா, அனு. நீயும் உக்காரு. படிச்ச புள்ளைங்கதான, வரிசை கண்டுபிடிங்க."

கூடத்தில் பாயை விரித்து, மிச்சமிருந்த அட்டைகளை எண் வரிசையில் பரப்பினார்கள். போனில் யார் என்று யாரோ கேட்டதும் பிரவீனா அதை வெளியே எடுத்து ஜன்னல் விளிம்பில் சாத்தி வைத்தாள். எனக்கு மூன்று தலைகளும் பாயின் ஒரு ஓரமும் தெரிந்தன. ஒரு அட்டையின் ஓட்டைக்கும் அடுத்ததன் ஓட்டைக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம் இருக்கும். பறவையின் கழுத்து சாய்கிறபோது ஓட்டைகள் ஒவ்வொன்றாக நகரும், இறக்கை வந்தால் கூட்டமாகும். அப்பா ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார், பாயில் ஓரிடத்தில் வைப்பார். அனு, "அதுக்கு மேல இது வரும் அங்கிள்" என்பாள். "அப்டி வச்சா அன்னத்துக்குக் கழுத்து சுளுக்கிக்கும்" என்பார் அவர். "நாங்க ரெண்டு நர்சு இருக்கோம், பாத்துக்கறோம் அங்கிள்" என்றாள் அனு. அப்போதும் பிரவீனா சிரிக்கவில்லை. அவள் எதையும் தானாகத் தொடவும் இல்லை. ஒவ்வொன்றையும் தொடுவதற்கு முன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

என் சாப்பாட்டு நேரம் முடிந்து, அதற்குப் பின் ஒரு மீட்டிங்கும் முடிந்து நான் மறுபடி இணைந்தபோது, இரண்டு அட்டைகள் மட்டும் அப்பாவின் கையில் மிச்சமிருந்தன. எது முன், எது பின் என்று அவருக்கே தெரியவில்லை. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எப்படி வைத்தாலும் சரியாகவே தெரிந்தது. தறியில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். ஓட்டிப் பார்க்கும்போது தவறாக இருந்தால் ஒரு முழம் பட்டு போகும். அதை அவர் சொல்லவில்லை, நானறிவேன். அவர் சொல்லாததை பிரவீனாவும் எப்படியோ புரிந்துகொண்டிருந்தாள்.

"அங்கிள், தப்பா வந்தா அந்தப் பட்டுக்கு நான்..."

"அதை அப்ப பாக்கலாம்."

அம்மா மூவருக்கும் டீ போட்டுவிட்டு, டம்ளர் போதாமல், மாடியில் இருக்கும் தன் டம்ளரை எடுக்க மேலே போனாள். பிரவீனா சட்டென்று நிமிர்ந்து, "ஆன்ட்டி, நான் எடுக்கறேன்" என்று எழுந்தாள். அதற்குள் அம்மா படியேறிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது. "பிரவீனா, மேல வா."

அவள் போனை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். மறுபடி கறுப்பு. படிகள். கதவு.

"என்னாம்மா இது?"

பையைத் தரையில் இழுக்கிற சத்தம்.

"பை கட்டி வச்சிக்கினுதான் கீழ எறங்கினியா? நாங்க போகச் சொல்லுவோம்னு முடிவே பண்ணிட்டியா?"

"இல்ல ஆன்ட்டி. தப்பு பண்ணிட்டேன்ல, அதான்..."

"அட்டைய வெட்டினது தப்புதான். அது தெரியாம பண்ணது. இது தெரிஞ்சி பண்ணது." அம்மாவின் குரல் உடைந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா கோபத்தில் அழுது நான் கேட்டதில்லை. "அந்த வீட்ல எதோ பண்ணாங்கன்னா எங்களையும் அந்தக் கணக்குலயே சேத்துட்ட. இத்தினி மாசமா எங்கூட்டு அடுப்படியில நின்னுக்கினு தோசை சுட்ட. மனசுக்குள்ள பை கட்டி வச்சிக்கினே இருந்திருக்க."

பிரவீனா அழுகிற சத்தம் கேட்டது. அவள் எப்போதும்போல் மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை.

"எனக்கு வேற மாதிரி இருக்கத் தெரியல ஆன்ட்டி" என்றாள். "எங்க போனாலும் பாதி பையி கட்டியேதான் இருக்கும். எங்க அம்மாவும் அப்டித்தான்."

கட்டில் கிறீச்சிட்டது. அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அந்த ரெண்டு அட்டைல எது முன்னன்னு தெரியறதுக்குத் தை மாசம் ஆவும். அன்னிக்குக் கழுத்து சுளுக்கிக்கினு வந்துச்சின்னா உங்க அங்கிள் உன்னைத் திட்டுவாரு. நானும் திட்டுவேன். திட்டு வாங்கறதுக்கு நீ இங்க இருக்கணும்ல."

"இருப்பேன் ஆன்ட்டி."

"வாயால சொல்லாத. துணிய எடுத்து அலமாரில வை. நான் பாத்துட்டுத்தான் கீழ போவேன்."

என்னை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. எனக்கும் அழைப்பைத் துண்டிக்க மனம் வரவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். வெகுநேரத்துக்குப் பிறகு, மெதுவாக, பாதியில் ஒரு முறை நின்று, பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.